மூளைக்குள் ஒரு "பிரேக்"!

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அந்தச் சாவியால் பயன் எதுவும் இல்லை. ஆனால் துடிப்பை அடக்கும் "பிரேக்" ஒன்று மூளைக்குள்ளேயே இருக்கிறது!

உப்பும் மின்சாரமும்

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு உயிரணுக்கள் இருக்கின்றன. மின்சாரத் துடிப்புகள் மூலம் அவை வேலை செய்கின்றன.

சாப்பாட்டு உப்பில் இருப்பது சோடியம். இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். உயிரணுவுக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். இரண்டுக்கும் தனித்தனி வாசல்கள் உண்டு.

சோடியம் வாசல் திறந்தால், உயிரணு துடிக்கும். அடுத்த கணமே பொட்டாசியம் வாசல் திறக்கும். பொட்டாசியம் வெளியே ஓடும். துடிப்பு அடங்கும். இதுதான் பிரேக்!

இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பில் சோதனை நடத்தி, 1952-ம் ஆண்டில் இதை விளக்கினார்கள். 1963-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

ஒட்டினால் ஒரு குணம். பிரிந்தால் ஒரு குணம்

வாசல்கள் புரோட்டீனால் ஆனவை. புரோட்டீன் மீது "பாஸ்பேட்" என்ற சிறு பொருள் ஒட்டினால் அதன் குணம் மாறிவிடும். ஒட்டுவதற்கு ஒரு வகை என்சைம். பிரிப்பதற்கு வேறு வகை. இந்த உண்மையைக் கண்ட பிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

"கே.வி. 2.1" என்பது ஒரு பொட்டாசியம் வாசல். சாதாரணமாக அதன் மீது பல பாஸ்பேட்டுகள் ஒட்டியிருக்கும். அப்போது அது எளிதில் திறக்காது. உயிரணுவின் மேல் கூட்டம் கூட்டமாக நிற்கும்.

வலிப்பின்போது உயிரணு அளவு மீறித் துடிக்கிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. உடனே "கால்சிநியூரின்" என்ற என்சைம் விழித்து, பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடுகிறது. கூட்டம் கலைகிறது. வாசல்கள் எளிதில் திறக்கின்றன. பிரேக் விழுகிறது!

வலிப்பை உண்டாக்கும் மருந்து கொடுத்த எலிகளின் மூளையில் இந்த மாறுதலை அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டு, 2004-ல் வெளியிட்டார்கள். உயிரணு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழி இது என்று கருதுகிறார்கள்.

பச்சைக் குழந்தைக்கும் வலிப்பு

சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு வருகிறது. வேறொரு வகைப் பொட்டாசியம் வாசலில் உள்ள பிறவிக் குறையே இவர்களில் சிலருக்குக் காரணம் என்று 1998-ல் தெரிந்தது.

ஆகவே வலிப்பு பேயும் அல்ல, சாபமும் அல்ல. மூளையின் மின்சாரக் கோளாறு. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். துடிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.