பொருநைக் கரையில் பத்து நாள்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் நடக்கும் மந்திராலோசனைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் உதகமண்டலம் என்பார். மற்றொருவர் கொடைக்கானல் என்பார். பாட்டி காசிக்குக் குறைந்து எதற்கும் இணங்கமாட்டாள். "வயலும் வாய்க்காலும் ஆறும் உள்ள ஓர் ஊரில் சும்மா பத்து நாள் இருந்துவிட்டு வரலாமே!" என்று சொல்பவரை மாத்திரம் யாரும் லட்சியம் செய்வதில்லை. அப்படிச் சொல்லத் துணிந்தவர்கள் திருநெல்வேலிச் சீமைக்குப் போகட்டும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலுக்கருகில் கடலில் கலக்கும் தாமிரபரணி, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தூரந்தான் ஓடுகிறது. ஆனால் பெரிய நதிகள் பலவற்றுக்கும் கிட்டாத பாக்கியம் இதற்குக் கிட்டியிருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரண்டு பருவமழைகளும் இதற்கு நீர் வார்க்கின்றன. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைவதும் அதனாலேதான்.

பிரயாணம் திட்டமிடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் இதுவே. பள்ளிக்கூடத்தின் பஞ்சாங்கம் வேறு. ஆற்றின் பஞ்சாங்கம் வேறு. குழந்தைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும் சித்திரையில் ஆறு மெலிந்து கிடக்கும். வெயிலோ மண்டையைப் பிளக்கும். ஆனி, ஆடியில் மேற்கே சாரல் விழுந்து, குளிர்ந்த காற்று வீசி, கார் நாற்று பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்கும்; அப்பொழுது பள்ளிக்கூடம் திறந்துவிடும்! ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். குழந்தைகள் உள்ளவர்கள் கோடை விடுமுறையின் கடைசி வாரத்தையாவது, பொங்கலை ஒட்டிய நாட்களையாவது பிடித்துக்கொள்வதே உசிதம். பெரியவர்கள் மாத்திரம் போவதானால் தை, மாசிக்கு நிகரில்லை.

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை செல்லும் பாஸஞ்சர் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். சேரன்மகாதேவி, நாதஸ்வரச் சக்கரவர்த்தி அருணாசலம் பிறந்த காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகும். அவசரக்காரர்களுக்கு இது ஏற்ற வண்டியன்று. கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் பாலத்தின்மேல் ஆற்றைக் கடந்து அம்பாசமுத்திரம் சேரலாம். இவ்விரண்டு ஊர்களில் ஒன்றில் ஜாகை வைத்துக்கொள்வது நலம். தினம் ஓர் ஊராக மூட்டை தூக்குவது விடுமுறையாகாது. அது கூலி வேலை.

காலையில் ஆற்று ஸ்நானம், கல்லிடைக்குறிச்சி அப்பளத்துடன் சாப்பாடு, ஒரு நாள் தேங்காய்ப்பால் சொதி, பிற்பகல் தூக்கம். இதற்குமேல் ஏதாவது செய்தே தீரவேண்டும் என்பவர்கள் திருப்புடைமருதூருக்குப் போகலாம். கடனாநதி தாமிரபரணியுடன் கூடும் இடம் அது. கோயில் கோபுரத்தின் உள்ளே நிலைக்கு நிலை பழைய சித்திரங்கள். வெளியே மரங்களில் நாரைகளும் கொக்குகளும். கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக இப்பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் காத்து வந்தார்கள். 2005-இல் சர்க்காரும் அவ்விடத்தைப் பாதுகாப்பிடமாக அறிவித்தது. கீழக்கடையம் ஸ்டேஷனில் இறங்கினால், செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில், 1918-இன் இறுதியில் புதுச்சேரியை விட்டு வந்தபின் பாரதியார் வாழ்ந்த தெருக்களில் நடக்கலாம்.

பாபநாசத்திற்குப் போகாமல் யாரும் திரும்பமாட்டார்கள். போகுமுன் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ. வே. சு. ஐயர், 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம் குழந்தைகளுடன் அங்கே கல்யாண தீர்த்தத்துக்குச் சென்றார். புதல்வி சுபத்திரை கால் தவறி நீரில் வீழ்ந்தாள். அவளைக் காப்பாற்றக் குதித்த ஐயரும் திரும்பவில்லை. அவருடைய குருகுலத்தில் தனிப்பந்தி வைத்தது பற்றி அன்று தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டுபட்டு நின்றது. ஆயினும் அச்செய்தி கேட்டு எதிர்த்தவர்களும் கலங்கினார்கள். லண்டனிலிருந்து போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பி வந்த தீரரையே அரை நிமிஷத்தில் கொண்டுபோன நீர் அது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே படித்துறையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர் "இறங்காதீர்கள்" என்றால், கரையில் அமர்ந்து செம்பால் மொண்டு குளித்தால் போதும்.

மார்கழிப் பிரயாணத்துக்கும் இதுவே எச்சரிக்கை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்ட ரயிலில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். பக்கத்துக் கிராமத்தார் சோறு பொங்கிக் கொடுத்தார்கள்.

பாபநாசத்தில் உடுத்த துணியை ஆற்றோடு விடும் வழக்கம் ஒன்று உண்டு. பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. பாறையிடுக்கில் சிக்கி அங்கேயே கிடக்கிறது. நம் வீட்டார் அதைச் செய்யாதிருக்கட்டும்.

திரும்புகையில் அல்வா வாங்குவதை நாம் சொல்ல வேண்டியதில்லை. சேரன்மகாதேவிக்கருகிலுள்ள பத்தமடையில் கோரைப்பாய் வாங்குவதைத்தான் மறந்துவிடுவார்கள். கோரையை நீரில் ஊறவைத்து, நூலினும் மெல்லியதாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாய்க்கு நாள் பல பிடிக்கும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்து தருவார்கள். அது வேண்டுமானால் ஊருக்குப் போகுமுன்பே சொல்லிவைக்க வேண்டும். ரயிலேறும் நாளில் போய்க் கேட்டால், கையில் இருக்கும் முரட்டுப் பாயைத்தான் சுருட்டிக் கொடுப்பார்கள்.