வாயில்லாத நாய், பேசாத பெங்குவின்: களிமண்ணில் பிறந்த சிரிப்பு

நாய்க்குப் பிறந்தநாள். பரிசாகக் கிடைப்பதோ கழுத்துப்பட்டையும் தானாக நடக்கும் இயந்திரக் காற்சட்டையும். பணமுடை என்று வீட்டுக்காரர் அறையை வாடகைக்கு விடுகிறார். குடிவந்த பெங்குவின் நாயின் அறையையே பிடித்துக்கொள்கிறது. கடைசியில் மூட்டைமுடிச்சோடு வீட்டைவிட்டுக் கிளம்புவது அந்த நாய்தான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மேன் நிறுவனத்தின் ‘தி ராங் டிரவுசர்ஸ்’ குறும்படத்தின் கதை இது. நிக் பார்க் இயக்கிய இந்த அரைமணி நேரப் படம் 1993ல் வெளியாகி, அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதை வென்றது.

களிமண் படம் என்றாலும் இதில் பயன்படுவது பானை செய்யும் மண்ணன்று. பாலர் பள்ளிப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளாஸ்டிசின் வகை. பொம்மையைச் சற்றே அசைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். மீண்டும் அசைத்து இன்னொன்று. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வோர் அசைவையும் இரண்டு படங்களுக்கு வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 12 முறை, நிமிடத்திற்கு 720 முறை பொம்மையைத் தொட வேண்டும்.

நகைச்சுவைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நடிகர் என்றால் ஒரே வசனத்தைப் பலவிதமாகப் பேசிப் பார்க்கலாம். இங்கோ, பொம்மை எத்தனை படங்களுக்கு அசையாமல் நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பார்ப்பவருக்கு ஒரு நொடியில் வரும் சிரிப்பைக் கலைஞர் மணிக்கணக்கில் பொறுமையாகச் செதுக்குகிறார்.

கிரோமிட் என்ற அந்த நாய்க்கு வாயே இல்லை. மாணவராக இருந்தபோது தொடங்கி 1989ல் வெளியிட்ட ‘எ கிராண்ட் டே அவுட்’ படத்தில் அதைப் பேச வைக்கத்தான் நிக் பார்க் முதலில் எண்ணியிருந்தார். பலகையைத் தாங்கி நிற்கும் காட்சியில் பொம்மையின் வாய்ப்பகுதிக்குக் கை எட்டவில்லை. புருவத்தை மட்டும் அசைத்துப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது. அன்று முதல் கிரோமிட்டின் கோபம், ஏக்கம், சலிப்பு அனைத்தையும் புருவமேடு ஒன்றே சொல்கிறது.

வில்லன் பெங்குவினுக்கு அந்தப் புருவம்கூட இல்லை. மணி போன்ற இரண்டு கறுப்புக் கண்கள் மட்டுமே. தலையில் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அது கோழியாக ‘மாறுவேடம்’ போடும்போது, எல்லாரும் அதை நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2024ல் வெளிவந்த முழுநீளப் படம் ஒன்றில் அதே பெங்குவின் திரும்பி வந்தது.

ஆனால், இப்படம் சிரிப்போடு நின்றுவிடுவதில்லை. சொந்த வீட்டிலேயே அந்நியமாகிப்போன ஒருவரின் வலி அடியில் ஓடுகிறது. நாய் படும் துயரத்தை நாம் உண்மையென்று நம்புவதால்தான், வீட்டுக்குள் நடக்கும் பொம்மை ரயில் துரத்தலில் அது வெல்ல வேண்டும் என்று பதறுகிறோம்.

பொம்மைகளின் மேல் ஆங்காங்கே கைரேகைகள் தெரியும். யாரோ ஒருவர் தொட்டுத் தொட்டு உயிர் கொடுத்ததற்கான அடையாளம் அது.

வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு இப்படத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கைத்தொலைபேசியை ஆடாமல் நிறுத்தி, களிமண் உருண்டை ஒன்றைக் கொடுங்கள். ஐந்து நொடிக் காட்சிக்கு 60 அசைவுகள். பொறுமை எவ்வளவு தேவை என்பதைப் பிள்ளைகளின் விரல்களே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.