தோளில் தொற்றிய குட்டி எண்! தெரியுமா?

ஒரு எண். அதன் வலது தோளில் தொற்றிக்கொண்டு ஒரு குட்டி எண். கீழே இருப்பது அடிமானம், மேலே இருப்பது அடுக்கு. பள்ளியில் நம்மை மிரட்டிய இந்த ஜோடிக்குள் எத்தனை கூத்து ஒளிந்திருக்கிறது, தெரியுமா? ஜெராக்ஸ் கடையில் ஒரு ஏ4 தாள் வாங்கிக்கொண்டு வாருங்கள்!

பெருக்கும்போது ஏன் கூட்டுகிறோம், தெரியுமா?
தாளை மூன்று முறை மடியுங்கள்: 8 தாள் கனம். அதன்மேல் இன்னும் இரண்டு மடிப்பு: 8 × 4 = 32. மொத்தம் எத்தனை மடிப்பு? ஐந்து! 2³ × 2² = 2⁵. அடுக்கு தாளை எண்ணுவதில்லை, மடிப்பை எண்ணுகிறது. விதி அவ்வளவுதான். மடிப்பைப் பிரித்தால் வகுத்தல், அப்போது அடுக்கு கழியும்.

2⁰ ஏன் பூஜ்ஜியம் இல்லை, தெரியுமா?
மடிக்கவே மடிக்காத தாள் மாயமாகவா போய்விடும்? ஒற்றைத் தாளாகக் கையிலேயே இருக்கிறதே! ஆகவே 2⁰ = 1.

42 மடிப்பில் நிலாவையே தாண்டலாம், தெரியுமா?
தாளின் கனம் 0.1 மி.மீ. என்று வையுங்கள். 42 முறை மடித்தால் சுமார் 4,39,804 கி.மீ.! நிலாவின் சராசரித் தூரமே 3,84,400 கி.மீ.தான். ஆனால் மடிக்க முடிய வேண்டுமே! 2002-இல் அமெரிக்கப் பள்ளி மாணவி பிரிட்னி காலிவன் சுமார் 1.2 கி.மீ. நீள டாய்லெட் பேப்பரை எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டியும் 12 மடிப்புதான் தேறியது.

அரைக்காலுக்குள் ஒரு விதி இருக்கிறது, தெரியுமா?
அரை என்பது 2⁻¹. கால் என்பது 2⁻². இரண்டையும் பெருக்கினால் 2⁻³, எட்டில் ஒன்று. அதன் தமிழ்ப் பெயர்? அரைக்கால்! காலில் கால் வீசம்: 2⁻⁴, பதினாறில் ஒன்று. முந்திரி 1/320, அதையும் 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, அதாவது 320⁻², 1,02,400-இல் ஒன்று! மைனஸ் அடுக்கைப் பார்த்து நாம் பயந்ததெல்லாம் வீண்தானே?

நாக்கு சுளுக்கும் எட்டாம் அடுக்கு, தெரியுமா?
சமக்குறியை அச்சில் ஏற்றிய ராபர்ட் ரெக்கார்டு, அதே 1557-ஆம் ஆண்டு நூலில் எட்டாம் அடுக்கை அழைத்த பெயர் 'ஜென்ஸிஜென்ஸிஜென்ஸிக்'! வர்க்கத்தின் வர்க்கத்தின் வர்க்கம் என்று பொருள். 2 × 2 × 2 = 8. அடுக்குக்கு அடுக்கு போட்டால் பெருக்க வேண்டும் என்ற விதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1637-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட் குட்டி எண்ணைத் தோளில் ஏற்றி நம் நாக்கைக் காப்பாற்றினார்.

மணலை எண்ணத் துணிந்தவர் யார், தெரியுமா?
ஆர்க்கிமிடீஸ்! கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், பிரபஞ்சம் முழுக்க மணலைக் கொட்டினால் எத்தனை மணல்மணி பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். இன்றைய எழுத்தில் 10⁶³-க்கு மேல் போகாதாம். அவ்வளவு பெரிய எண்களைக் கட்டி மேய்க்க அவர் கையில் எடுத்தது, அடுக்குகளைக் கூட்டும் அதே விதி!

மடக்கை எங்கிருந்து வந்தது, தெரியுமா?
பெருக்கலைவிடக் கூட்டல் எளிது. எல்லா எண்ணையும் அடுக்காக (அதுதான் மடக்கை) மாற்றிவிட்டால் கூட்டினாலே போதுமே! இந்தச் சூட்சுமத்தை ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் அட்டவணையாகவே போட்டுவிட்டார். அதை இரண்டு அளவுகோலாக்கி ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினால் ஸ்லைடு ரூல். அப்போலோ வீரர்கள் நிலாவுக்குப் போனபோது கையோடு கொண்டுபோன கருவி அது!

மார்க்கைப் பறிக்கும் இடம் எது, தெரியுமா?
−2⁴ என்றால் −16. (−2)⁴ என்றால் 16. குட்டி எண்ணின் அதிகாரம் அது தொற்றியிருக்கும் தோளோடு சரி. அடைப்புக்குறி போட்டால்தான் மைனஸுக்கும் செல்லும். இன்னொன்று: 2³ + 2³ என்பது 2⁶ அல்ல. 8 + 8 = 16, அதாவது 2⁴!

கையில் இருக்கும் தாளின் பெயரே ஓர் அடுக்கு, தெரியுமா?
ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. ஆக, உங்கள் தாள் 2⁻⁴ சதுர மீட்டர். நம் பாட்டன் கணக்கில் ஒரு வீசம்! 297 மி.மீ. நீளத்தை 210 மி.மீ. அகலத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.414. அதுவும் 2-இன் அரை அடுக்கு, அதாவது வர்க்கமூலம்தான்! அதனால்தான் பாதியாக மடித்தாலும் தாள் அதே வடிவத்தில் இருக்கிறது. கட்டின்மேல் 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கிறதா? சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று அர்த்தம். 80 × 2⁻⁴ = 5. தராசே வேண்டாம், உங்கள் தாளின் எடை 5 கிராம்!