வைஃபையை மேய்க்க ஒருவர் போதும்

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் முதல் கணினியைக் கொடுத்தது. அதில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. உள்ளே வைஃபை அடாப்டர் ஒன்றுதான். விண்டோஸில் திறந்தால் அதை 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்ற சேவை கவனிக்கும். லினக்ஸில் திறந்தால் லினக்ஸின் நெட்வொர்க் மேனேஜர் கவனிக்கும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அதிகாரம். வைஃபைக்கு மென்பொருள் தேடுகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விதியும் இதுதான்: இயங்குதளத்தோடு வந்ததே போதும், அதன்மேல் இன்னொன்றை ஏற்றக் கூடாது.

ஏற்றினால் என்ன ஆகும்? எந்த நெட்வொர்க்கில் சேர்வது, எந்தக் கடவுச்சொல்லைக் கொடுப்பது என்று இரண்டு மென்பொருள்கள் ஒரே அடாப்டருக்கு உத்தரவிடும். ஒன்று இணைக்கும், மற்றது அறுக்கும். பழி ரூட்டர்மேல் விழும். தனி மென்பொருளுக்கு ஆயுளும் உத்தரவாதமில்லை. லினக்ஸ்காரர்கள் விரும்பிப் போட்ட 'விக்ட்' பழைய பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. அந்தப் பைத்தானுக்கு ஆதரவு 2020-இல் நின்றது, 2021-இல் வந்த டெபியன் 11 லினக்ஸில் விக்டுக்கு இடமில்லை. 2017-இல் வைஃபை பாதுகாப்பிலேயே 'கிராக்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் திருத்தம் வழக்கமான அப்டேட்டிலேயே வந்தது. கைவிடப்பட்ட மென்பொருளுக்கு அப்படி யார் அனுப்புவார்கள்?

அடாப்டர் தயாரித்த கம்பெனியே ஒரு மென்பொருள் தருகிறதே என்று கேட்கலாம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முதலில் கிடையாது. அப்போது அத்தகைய மென்பொருளுக்கு வேலை இருந்தது. இன்று கம்பெனியின் தளத்திலிருந்து எடுக்க வேண்டியது டிரைவர் மட்டுமே. இணைப்பு விவரம் வேண்டுமென்றால், விண்டோஸ் 10, 11-இலேயே வைஃபை அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது: கடந்த மூன்று நாட்களில் எப்போது இணைந்தது, எப்போது, எந்தக் காரணத்தால் அறுந்தது என்று வரிசையாகக் காட்டும். பழைய கணினிக்கு லேசானது வேண்டும் என்பது நியாயமான வாதம். லினக்ஸில் இன்டெல் உருவாக்கிய 'ஐடபிள்யூடி' அதற்குப் பொருந்தும். ஆனால் அதை இயக்கும்போது, அதே வேலையைப் பார்த்துவந்த 'டபிள்யூபிஏ சப்ளிகன்ட்'டை நிறுத்திவிட வேண்டும். புதிதாக ஒன்றைப் போடுமுன், எதை நிறுத்தப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்; அது தெரியாதவரை இருப்பதே நல்லது.