புதுப்பேட்டையில் வாங்கிய கதவுக்கு வீட்டு வாசலிலேயே பெயிண்டு! விளக்கு வைக்கும் நேரம் உஷார்!

சென்னையில் காருக்கு அடிபட்டால் சொந்தக்காரரின் கால் தானாகவே புதுப்பேட்டை பக்கம் திரும்பும்.

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவம் ஓரமாக உள்ள அந்த வட்டாரத்தில் கழற்றிப் போட்ட கதவு, பானெட், மட்கார்டு எல்லாம் கிடைக்கும். நிறம்தான் கிடைக்காது. வெள்ளைக் காருக்கு சிவப்புக் கதவுதான் அமையும்.

அந்தக் கதவுக்குப் பெயிண்டு அடிக்க ஒர்க்ஷாப்பில் கேட்கும் கூலி, சில சமயம் கதவின் விலையையே தாண்டிவிடும். "இதை நாமே அடிச்சா என்ன?" என்ற யோசனை பிறப்பது அப்போதுதான்.

அடிக்கலாம். ஆனால் ஸ்பிரே டப்பாவை வாங்கி வந்த கையோடு 'புஸ்' என்று அடித்தவர்கள் பாடு திண்டாட்டம். இரண்டு நாள் வேலையில் பெயிண்டு அடிப்பது அரை மணி நேரம். மீதி எல்லாம் தேய்ப்பு, தேய்ப்பு, தேய்ப்புதான்!

துரு எங்கே?

முதலில் கதவைத் தலைகீழாக நிறுத்தி அடி விளிம்பைப் பார்க்க வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்கு அங்கே சிறு ஓட்டைகள் உண்டு. அதில் மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று, கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே கொப்புளமாகத் தெரிவது கடைசிக் கட்டம்.

துருவின் மேல் பெயிண்டு அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது மாதிரி. 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, தகடு வெள்ளியாகத் தெரியும் வரை தேய்க்க வேண்டும்.

அதற்கு முன்பே சோப்புத் தண்ணீரில் கழுவி, கிரீசும் மெழுகும் போகத் துடைப்பது முக்கியம். டயருக்கும் டாஷ்போர்டுக்கும் பூசும் பளபளப்பு பாலிஷில் சிலிகான் இருக்கும். அது துளி ஒட்டியிருந்தாலும் போச்சு! புதுப் பெயிண்டு அந்த இடத்தில் பிடிக்காமல் வட்ட வட்டமாக விலகும். பார்க்க மீன் கண் மாதிரியே இருக்கும். என்ன அடித்தாலும் மூடாது.

பட்டி

பள்ளத்துக்குப் பட்டி. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் போதும். "சீக்கிரம் காயட்டுமே" என்று கூடுதலாகக் கலந்தால், அந்தக் கறை பிற்பாடு பெயிண்டையும் மீறி மேலே தெரியும். சென்னை வெயிலில் கலந்த பட்டி சில நிமிடத்தில் கல்லாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழைக்க வேண்டும்.

உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்ப்பது நல்லது. வெறும் விரலால் தேய்த்தால் விரல் போன தடம் எல்லாம் வாய்க்காலாகும். பட்டி தண்ணீரைக் குடிக்கும் என்பதால் அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். சரியாக வந்ததா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் மேடு பள்ளம் சொல்லிவிடும்.

அதன் மேல் பிரைமர். பிரைமர் காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். கறுப்பு போகாமல் நிற்கும் இடம் எதுவோ அதுதான் பள்ளம்.

கண்ணாடி, கைப்பிடியை மறைக்க டேப்பும் பழைய பேப்பரும் போதும். மாலையில் படித்த பேப்பருக்கு மறுநாள் காலையில் இப்படி ஓர் உத்தியோகம்!

கடல் காற்று

அடிக்கும் நேரம் காலை, பனி ஈரம் போன பிறகு. மதியத்துக்கு மேல் கடல் காற்று ஈரத்தையும் தெருப் புழுதியையும் சேர்த்துக் கொண்டு வரும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும். ஈரக் காற்றாக இருந்தால் அதில் நீர் படிந்து, பெயிண்டு வெள்ளை பூத்துவிடும்.

டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடிக்க வேண்டும். கதவின் விளிம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடிப்பதுதான் முறை. பத்து நிமிட இடைவெளியில் மெல்லிசாக மூன்று பூச்சு. ஒரே பூச்சில் மூடிவிட ஆசைப்பட்டால் கண்ணீர் மாதிரி வழியும்.

காரின் கலர் நம்பர் வண்டியில் ஒட்டிய பட்டையில் இருக்கும். வெள்ளை என்றால் பரவாயில்லை. மெட்டாலிக் சில்வர் என்றால் அதே நம்பரில் வாங்கினாலும் பக்கத்துக் கதவோடு சேராது. வெயிலில் நின்று பழைய நிறம் வெளுத்திருக்கும் அல்லவா!

பழைய பெயிண்டர்கள் இன்றும் இதை 'டூகோ' என்பார்கள். 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி வைத்த பெயர் அது. அதற்கு முன்பு காருக்கு பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்து வாரக்கணக்கில் காய வைத்தார்கள்.

போபால் உறவு

ஒர்க்ஷாப் பளபளப்பு வேண்டும் என்று சிலர் ஹார்டனர் கலந்து அடிக்கும் '2கே' பெயிண்டை வீட்டுக்கு வாங்கி வருகிறார்கள். இங்கேதான் ஆபத்து!

அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவில் போபாலில் கசிந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற மீத்தைல் ஐசோசயனேட்டும் இதே குடும்பம். இது அவ்வளவு கொடியது அல்ல, சும்மா வைத்தால் அதிகம் ஆவியாகாது. ஆனால் ஸ்பிரே அடித்தால் பொடித் துளியாகி நுரையீரலுக்குள் போகும். பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு இது பேர் போன காரணம். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும்.

முகத்தில் கட்டும் கைக்குட்டையோ சாதாரண முகக் கவசமோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வேண்டும். அது வீட்டில் ஏது? 2கே அடிக்க வேண்டுமானால் தனி அறை உள்ள ஒர்க்ஷாப்புக்குக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

சாதாரண டப்பாவிலும் இன்னொரு வில்லங்கம் உண்டு. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வாசலைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, மோட்டார் சுவிட்சில் தெறிக்கும் பொறி எதுவானாலும் 'குப்'பென்று பிடிக்கும். "என்னங்க, கொசுவத்தி ஏத்தட்டுமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தால் பெயிண்டு அடிப்பவர் பதறி ஓட வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் காரையும் முன்கூட்டியே தள்ளி நிறுத்தச் சொல்வது நல்லது. காற்றில் போன துளிகள் அதன் மேல் சொரசொரப்பாகப் படிந்தால் சண்டை நிச்சயம்.

ஈரப் பெயிண்டில் கொசு வந்து ஒட்டினால் எடுக்கப் போகக் கூடாது. விரல் பட்டால் கதவு முழுக்க மறுபடியும் வேலை. கொசு அங்கேயே இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துக் காம்பவுண்டு போட்டால், இறக்கையும் காலும் போய்விடும்.