கம்ப்யூட்டரின் மூளை கொதிக்கிறது!

வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடும். அதை விரட்டுவது எப்படி?

இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டைத் தொட்டால் என்ன ஆகும்? கை வெந்துவிடும்!

1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தகட்டின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் சூடு பிறக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் "பிராசசர்" என்று ஒரு சில்லு இருக்கிறது. கணக்குப் போடுவதும், கட்டளை இடுவதும் அதுதான். கம்ப்யூட்டரின் மூளை என்று அதைச் சொல்வார்கள். இஸ்திரிப் பெட்டியைவிட நெருக்கமாக அது சூட்டைக் கக்குகிறது என்றால் நம்புவீர்களா?

2023-ம் ஆண்டு இன்டெல் கம்பெனி "கோர் ஐ9-14900கே" என்ற சில்லை வெளியிட்டது. முழு மூச்சில் வேலை செய்யும்போது அது 253 வாட் வரை மின்சாரத்தை இழுக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டோ ஒரு தபால் தலையைவிடச் சிறியது. அதன் பரப்பு சுமார் 2½ சதுர சென்டிமீட்டர்தான்.

ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 வாட்! இஸ்திரிப் பெட்டியைப்போல 20 மடங்கு!

இவ்வளவு சூட்டையும் நொடிக்கு நொடி வெளியேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் சில்லு தடுமாறும், வேலை நின்றுபோகும்.

கம்பெனி குறித்துக்கொடுத்த வேகத்திலேயே இந்தப் பாடு. அந்த வேகம் போதாது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சில்லை இன்னும் வேகமாக ஓட்டுகிறார்கள். இதற்கு "ஓவர்கிளாக்கிங்" என்று பெயர்.

தாளத்தைக் கூட்டும் வேலை

பிராசசர் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. தாளம் விழுந்தால் ஓர் அடி எடுத்து வைக்கும். அடுத்த தாளம் விழுந்தால் அடுத்த அடி.

300 மெகாஹெர்ட்ஸ் சில்லு என்றால், அதற்கு ஒரு நொடியில் 30 கோடி தாளம் விழுகிறது என்று பொருள். தாளத்தை விரைவாகப் போட்டால் வேலையும் விரைவாக நடக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதில் பெயர் பெற்ற சில்லு ஒன்று உண்டு. அதன் பெயர் "செலரான் 300ஏ". 1998-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இன்டெல் அதை வெளியிட்டது. மொத்த விலை 149 டாலர். அதே சமயத்தில் வந்த "பென்டியம்-2" என்ற 450 மெகாஹெர்ட்ஸ் சில்லின் மொத்த விலை 669 டாலர்.

செலரான், ஏழைகளுக்கான சில்லு. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஓர் அதிசயம் நடந்தது.

கம்ப்யூட்டர் பலகை தரும் தாளத்தை 66-ல் இருந்து 100 ஆக மாற்றினார்கள். சில்லு அதை நாலரை மடங்கு ஆக்கிக்கொள்ளும். 100 நாலரை மடங்கு ஆனால் எவ்வளவு? 450! விலை உயர்ந்த சில்லின் வேகம் மலிவான சில்லுக்கு வந்துவிட்டது.

சில பலகைகள் தாளத்தை மாற்ற இடம் கொடுக்கவில்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சில்லு இருக்கும் அட்டையின் விளிம்பில் வரிசையாகத் தொடர்புப் பட்டைகள் இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் சிறு நாடாத் துண்டு ஒட்டி மறைத்தார்கள். பலகை ஏமாந்துபோய் 100 தாளம் கொடுத்தது!

பணம் மிச்சம். ஆனால் வேகம் இலவசமாகக் கிடைக்கவில்லை. அதற்குச் சூட்டில் விலை கொடுக்க வேண்டி இருந்தது.

சூடு எவ்வளவு கூடும்?

சில்லுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தடவை சுவிட்சு மாறும்போதும் சிறிதளவு மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரம் சூடாக மாறுகிறது.

வேகம் ஒன்றரை மடங்கு ஆனால், இந்தச் சூடும் ஒன்றரை மடங்கு ஆகும்.

அதோடு போவதில்லை. வேகம் கூடும்போது சில சில்லுகள் தடுமாறும். அவற்றை நிமிர்த்துவதற்காக மின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். செலரானுக்கு 2 வோல்ட் போதும். அதை 2.2 வோல்ட் ஆக்கினால், பத்தில் ஒரு பங்குதானே கூடுகிறது என்று நினைக்கலாம். ஆனால் மின் அழுத்தம், கணக்கில் இரண்டு தடவை பெருக்கப்படும்.

1.1-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 1.21. வேகத்துக்காக அதை 1.5-ஆல் பெருக்கினால் 1.8 வருகிறது. அதாவது, ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு!

இன்னொரு தொல்லையும் உண்டு. சூடான சில்லில் மின்சாரக் கசிவு அதிகம். கசிவு கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் கசிவு மேலும் கூடும். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல இது ஏறும்!

சூட்டை அழிக்க முடியாது

சூட்டை யாராலும் அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். சில்லில் இருந்து உலோகத்துக்கு, உலோகத்தில் இருந்து காற்றுக்கு, காற்றில் இருந்து அறைக்கு வெளியே. இந்தப் பாதையில் எந்த இடத்தில் அடைப்பு இருந்தாலும் சூடு அங்கேயே தேங்கிவிடும்.

பாதையின் முதல் வாசல் எது? சில்லின் மூடியும் அதன்மேல் வைக்கும் உலோகக் கட்டியும் சந்திக்கும் இடம். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உண்மையில் இரண்டிலும் நுண்ணிய குண்டும் குழியும் உண்டு. குழிகளில் காற்று தங்கிவிடும். செம்போடு ஒப்பிட்டால் காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி!

அதனால்தான் இடையில் ஒரு பசையைத் தடவுகிறார்கள். அது குழிகளை நிரப்பி, காற்றை வெளியே தள்ளும். ஒரு பட்டாணி அளவு பசை போதும். நிறையத் தடவினால் நல்லது என்று நினைப்பது தவறு. காற்றைவிடப் பசை மேல். ஆனால் பசையைவிடச் செம்பு எவ்வளவோ மேல். பசை தடிமனாக இருந்தால் அதுவே தடைச் சுவர் ஆகிவிடும்.

உலோகக் கட்டியில் இருந்து மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகப் போகும். தகடுகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பரப்பில் காற்று படும். விசிறி சுழன்று சூடான காற்றைத் தள்ளிவிடும்.

குழாய்க்குள் ஒரு மழை

நல்ல குளிர்விப்பான்களில் செம்புக் குழாய்கள் வளைந்து போவதைப் பார்க்கலாம். அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? கொஞ்சம் தண்ணீர்!

குழாயில் இருந்து காற்றை எடுத்துவிட்டு, சிறிது தண்ணீரை வைத்து மூடிவிடுகிறார்கள். காற்று இல்லாததால் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி தேவை இல்லை. மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

சில்லின் அருகே ஆவியாகும் தண்ணீர், சூட்டைச் சுமந்துகொண்டு மறுமுனைக்கு ஓடும். அங்கே தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடியும் நீராகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, குழாயின் உட்சுவர் அந்த நீரை இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். இடைவிடாமல் ஒரு சிறிய மழை! இதற்கு மோட்டார் கிடையாது. மின்சாரமும் வேண்டாம்.

இதுவும் போதாதவர்கள் தண்ணீர்க் குளிர்விப்பை நாடுகிறார்கள். மோட்டார் காரில் உள்ள ரேடியேட்டர் போன்றதுதான் இது. பம்ப் தண்ணீரைச் சுற்றி ஓடவிடும். தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே விசிறி காற்று வீசும்.

எந்த விசிறியும், எந்த ரேடியேட்டரும் அறையைவிடக் குளிர்ச்சியைத் தர முடியாது. ஒரு வாட்டுக்கு 0.2 டிகிரி ஏறும் குளிர்விப்பான் என்று வைத்துக்கொள்வோம். சில்லின் சூடு 200 வாட் என்றால் 40 டிகிரி ஏறும். அறை 25 டிகிரி என்றால் 65. அறை 38 டிகிரி என்றால் 78! பெட்டிக்குள் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் இன்னும் ஏறும்.

பூஜ்யத்துக்குக் கீழே

அறையைவிடக் குளிர்ச்சி வேண்டும் என்று துணிந்தவர்களும் உண்டு. அவர்கள் திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் கொதிக்கும். திரவ ஹீலியம் அதைவிடக் கடுங்குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி!

2011-ம் ஆண்டு ஏ.எம்.டி. கம்பெனியின் "எப்.எக்ஸ்." சில்லை ஹீலியத்தில் குளிர்வித்து, 8.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு மேல் ஓட்டினார்கள். அது கின்னஸ் சாதனை ஆயிற்று. 2022-ல் இன்டெல் சில்லு ஒன்று 9 கிகாஹெர்ட்சைத் தாண்டியது. ஒரு நொடியில் 900 கோடி தாளம்!

ஆனால் இது வீட்டுக்கு உதவாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் பூக்கிறது அல்லவா? அதேபோலப் பலகையிலும் நீர் பூக்கும். மின்சாரமும் நீரும் சேர்ந்தால் பலகை பாழ்! அதற்காகப் பலகை முழுவதும் வாசலின் பூசுகிறவர்களும் உண்டு. இத்தனை பாடுபட்டும், இந்த வேகத்தில் சில்லு கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

புகைந்துபோன சில்லு

குளிர்விப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, 2001-ம் ஆண்டு "டாம்ஸ் ஹார்டுவேர்" என்ற தொழில்நுட்ப இதழ் சோதித்துக் காட்டியது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டு இருக்கும்போதே குளிர்விப்பானைக் கழற்றினார்கள். இன்டெல் "பென்டியம்-4" தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. ஏ.எம்.டி. "அத்லான்" சில்லோ நொடிகளில் புகைந்து கருகிவிட்டது!

இன்றைய சில்லுகள் எல்லாவற்றிலும் காவல் இருக்கிறது. சூடு 95 அல்லது 100 டிகிரியை நெருங்கினால் அவை வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

சூட்டுக்குக் கம்பெனிகளும் தலை வணங்க வேண்டி வந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம்-4 வெளிவரும் என்று இன்டெல் சொல்லி இருந்தது. 2004-ம் ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒற்றை மாட்டை அடித்து ஓட்டுவதை விட்டுவிட்டு, வண்டியில் இரட்டை மாடு பூட்டினார்கள். அதாவது, ஒரே சில்லில் இரண்டு மூளைகளை வைத்தார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர்கள் முதலில் குளிர்ச்சிக்கு வழி செய்ய வேண்டும். பிறகு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் சூட்டைப் பார்க்க வேண்டும். சூட்டைக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடும் வேலையின்போதும் 80 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. மின் அழுத்தத்தில் மட்டும் பேராசை கூடாது. வேகத்தைக் கூட்டியதால் கெட்டுப்போகும் சில்லுக்குப் பொதுவாக உத்தரவாதம் கிடைக்காது. சேர்த்து வைத்த பணம் போய்விடும்.

வேகத்தைக் கூட்டாதவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. இன்றைய சில்லுகள் குளிர்ச்சியாக இருக்கும்போது தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. சூடானால் குறைத்துக்கொள்கின்றன.

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெட்டியைத் திறந்து பாருங்கள். தகடுகளுக்கு நடுவே பஞ்சுபோலத் தூசி அடைந்திருக்கும். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் அந்தத் தூசியைத் தட்டி எடுங்கள். பெட்டியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பசை காய்ந்து இருந்தால், பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.

செலவு மிகக் குறைவு. போன வேகம் அதிலேயே திரும்பி வந்தாலும் வரலாம்!