கண்ணுக்குள் ஒரு கடைசல் வேலை

செஞ்சிக் கோட்டையில் 1717-18ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பெற்ற சஅதத்துல்லா கான் பள்ளிவாசலைக் காணச் செல்வோர், கோட்டைக் கற்களில் உளித்தடங்களையும் காணலாம். அத்தடங்களால் கல்லுக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணுக்குள்ளேயே வைக்கப்படும் பொருளொன்றில் மெல்லிய கீறல் இருந்தாலும் துன்பந்தான். கண்புரை அறுவையில் பொருத்தப்படும் செயற்கை வில்லையே அப்பொருள். நாம் 'லென்ஸ்' என்று சொல்வது இதனைத்தான்.

கண்ணின் இயற்கை வில்லை மங்கிப்போவதே கண்புரை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த கண் மருத்துவர் அம்மார் அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை எழுதிவைத்தார். எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்றை வைக்கும் வழி 1949இல்தான் பிறந்தது. போர் விமானிகளின் கண்களில் தெறித்த அக்ரிலிக் பிளாஸ்டிக் துண்டுகள் அழற்சி உண்டாக்காததைக் கண்ட லண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி, அதே வகைப் பொருளால் வில்லை செய்து பொருத்தினார்.

பொருள் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதன் மேற்பரப்பும் மாசற்றிருக்க வேண்டும். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமுள்ள இவ்வில்லையை வைர முனை கொண்ட கடைசல் பொறியில் செதுக்குகின்றனர். உலோகத்தைப்போலப் பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. வெட்டுமிடத்திலேயே சூடு தங்கி, 100 பாகை செல்சியசை ஒட்டிப் பொருள் இளகி இழுபடும். விளிம்பில் பிசிறு நிற்கும். ஆகவே கூரிய முனையால் மிக மெல்லிய சீவலாகவே எடுப்பர். மடக்கி வைக்கத்தக்க மென்மையான வகைகளில் சிலவற்றைக் குளிரூட்டிக் கெட்டியாக்கிய பின்னரே கடைவர். கெட்டி வில்லைகளை நுண்ணிய கண்ணாடி மணிகளோடு உருளையிலிட்டு நெடுநேரம் சுழற்றி மெருகேற்றுவதும் உண்டு. பிறகு ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் சோதிப்பர். கீறல் தங்கினால் ஒளி சிதறும். பிசிறு தங்கினால் கருவிழித்திரை உரசிப் புண்படும்.

இந்நுட்பம் தமிழகத்திற்கு வந்ததால் ஏழைகளின் கண் திறந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவியது. அந்நாளில் வெளிநாட்டு வில்லை 100 டாலர் அளவில் விற்றது. இங்கோ ஏறத்தாழ 10 டாலருக்கே செய்ய முடிந்தது. செஞ்சி வட்டார மக்களுக்கு எட்டும் தொலைவில், புதுச்சேரியில், 2003 முதல் இம்மருத்துவமனையின் கிளையொன்று இயங்கி வருகிறது.

ஆயினும் நம் இல்லங்களில், "புரை நன்றாக முற்றட்டும்" என்று பெரியவர்களைக் காத்திருக்க வைக்கும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. இக்காலச் சிகிச்சைக்கு அது முற்ற வேண்டியதில்லை. மிகவும் முற்றினால் அறுவைதான் கடினமாகும். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு வழிகாட்டியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். திருக்குர்ஆனின் எழுத்துகள் மங்குகின்றன என்று வாப்பாவோ உம்மாவோ சொன்னால், வயதின் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறுவைக்குப்பின் வலியோ சிவப்போ பார்வைக் குறைவோ தோன்றினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இறைவன் நாடினால், அவர்கள் தம் கண்ணாலேயே மீண்டும் ஓதுவார்கள்.